வெள்ளிக்கிழமைப் பொட்டு

போன வாரம் செல்வகுமார் நாலு வெட்டு மண்ணை அள்ளிப் போட்டு ஜெயத்தின் மடையை அடைத்தானே, அதைப் படித்துவிட்டு நீங்கள் எல்லாரும் அவனைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள். எழுதிய எனக்கே ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. என்ன, தண்ணீருக்குக் காத்திருக்கும் செடிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. காணைக்குப் பக்கத்தில் தாண்டவராயனுக்கு மூன்று ஏக்கர் நிலம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதன் மூலையில் சோலார் மோட்டார் போட்டார். இரும்புக் கால்கள் மேல் இரண்டு வரிசையாகச் சாய்ந்து நிற்கும் கண்ணாடிப் பேனல்கள். வெயில் ஏற ஏற போரிலிருந்து தண்ணீர் கொட்டும். பேனலில் தூசி படிந்தால் தண்ணீர் குறையும் என்பதால், பக்கத்து அரை ஏக்கர்க்காரி ஜெயம் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து துடைத்துக் கொடுப்பாள். பதிலுக்கு, மத்தியானத்துக்கு மேல் வரும் தண்ணீர் அவள் நிலத்துக்கு. எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஆறு வருஷமாக இரண்டு பக்கமும் பிசகாமல் நடந்து வந்தது.

இந்த மாசியில் தண்ணீர் மெலிந்துவிட்டது. முன்பெல்லாம் குழாய் நிறைய வந்து விழுந்தது, இப்போது பாதிக்குழாய் வந்தாலே பெரிய விஷயம். விழுப்புரத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். "யாரோ தேங்கா நாரு போட்டுத் தேய்ச்சிருக்காங்க சார், கோடு கோடா இருக்குது" என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். தேய்க்கிறவள் ஒருத்திதானே? தாண்டவராயனின் மகன் செல்வகுமாருக்கு அது போதும்.

"இனிமே பேனல் பக்கமே வராத. தண்ணியும் கெடையாது" என்றான்.

ஜெயத்தின் அரை ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. பூ மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற நேரம். இன்னும் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் பாயவில்லை என்றால் கொடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான். வீட்டுக்காரர் சின்னக்கண்ணு பொம்மையார்பாளையத்தில் கட்டட வேலையில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். யாரிடம் போய் அவள் நியாயம் கேட்பாள்?

இதுதான் போன வாரம் வரை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

* * *

தையல்நாயகிக்கு வெள்ளிக்கிழமை என்றால் விடிவதற்கு முன்பே கை பரபரக்கும். தலைக்குக் குளித்து, ஈரத்தலையை முடிந்துகொண்டு, கல்லில் சந்தனம் இழைக்க உட்கார்ந்துவிடுவாள். செல்வகுமாரின் அம்மா இவள். ஐம்பது வயது, நரை எட்டிப் பார்க்கிற நெற்றி, சட்டென்று கலங்குகிற கண்.

கிண்ணத்தில் சந்தனத்தை வழித்துக்கொண்டே மருமகளைக் கூப்பிட்டாள்.

"ஆர்த்தி, டிபன் டப்பால தயிர் சாதம் வெச்சிருக்கேன். பஸ்ல போய்க்கினே போன பாத்துக்கினு இருக்காத. அப்புறம் தல சுத்துதுன்னு வருவ."

"சரிங்கத்த."

மாமியார் கொடுமையை எதிர்பார்த்து இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஆர்த்தி திண்டிவனத்தில் ஒரு சோலார் சர்வீஸ் ஆபீசில் வேலை பார்க்கிறாள். மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறிப் பேனல் சரிபார்க்கிற வேலை. கல்யாணம் ஆன புதிதில் சொந்தக்காரர்கள் "பொம்பளப் புள்ள ஏணி ஏறுறதா" என்று முகத்தைச் சுளித்தபோது, "அவ ஏறட்டும், ஏணிய நான் புடிச்சிக்கிறேன்" என்று சொன்னவள் தையல்நாயகி. அந்த ஒரு வார்த்தைக்காக ஆர்த்தி இந்த வீட்டில் எதையும் பொறுத்துக்கொள்வாள். இன்றைய அவள் சங்கடமெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"அத்த, ஜெயம் அக்கா மல்லாட்டைய பாத்தீங்களா?"

தையல்நாயகி இழைப்பதை நிறுத்தினாள்.

"பாத்தேன். எல தொங்கிப் போய்க்கெடக்குது. பாக்கவே மனசு கேக்கல. ஆனா கண்ணாடியப் போட்டுக் கீறி வெச்சிருக்காளேம்மா. எனக்கு அது சும்மா கண்ணாடியா, சொல்லு?"

இல்லை. அது ஆர்த்திக்கும் தெரியும்.

சோலார் வருவதற்கு முன்னால் மோட்டாருக்குக் கரண்டு ராத்திரியில்தான் வரும். எப்போது வரும், எப்போது போகும் என்று அடித்துச் சொல்ல முடியாது. தாண்டவராயன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் போவார், வருவார், மறுபடி போவார். தையல்நாயகி தூங்காமல் படுத்திருப்பாள். ஒரு நாள் வரப்பில் கட்டுவிரியன் கடித்துவிட்டது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் போராடி உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அவருக்கு இடது கால் விரல்களில் உணர்ச்சி கம்மி.

அதற்கு அடுத்த வருஷம் சோலார் வந்தது. தாண்டவராயன் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்துத் தூங்குகிற மனிதர் ஆனார். புருஷன் பக்கத்தில் குறட்டை விடுகிற சத்தத்தைக் கேட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தூங்கிய பெண் அந்த வட்டாரத்தில் தையல்நாயகி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"நான் ஆபீஸ்ல கேட்டு ஒரு கேமரா எடுத்துக்கினு மத்தியானமே வந்துர்றேன் அத்த. அது சூட்டப் படம் புடிக்கும். எங்க கோளாறுன்னு கண்ணாலயே பாத்துடலாம். அது வரைக்கும் ஜெயம் அக்காவ ஒண்ணும் சொல்ல வேணாம்."

"நான் ஏம்மா சொல்லப்போறேன்? ஜல்தியா வந்துரு."

சந்தனக் கிண்ணத்தோடு தையல்நாயகி நிலத்துப் பக்கம் நடந்தாள். ஆர்த்தி பஸ்ஸுக்கு ஓடினாள்.

* * *

திண்டிவனம் ஆபீசில் கலைப்பிரியாதான் மேனேஜர். கேமரா இருக்கும் பீரோச் சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிகிற பெண்மணி.

"சொந்த வேலைக்கெல்லாம் தர்றதில்லையே ஆர்த்தி."

"மேடம், ஒரு பொம்பளையோட மொத்த வெள்ளாமையும் போவப்போவுது. எங்க வீட்டு ஆளுங்க செஞ்ச வேல. எனக்குத் தூக்கம் வரல."

கலைப்பிரியா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். சாவியை எடுத்தாள்.

"மடில வெச்சிக்கினு போ. நாளைக்குக் காலைல என் டேபிள் மேல இருக்கணும். அந்த அம்மா வெள்ளாம பொழைச்சா எனக்கு ரெண்டு படி மல்லாட்டை."

பஸ் முழுக்க ஆர்த்தி கேமராப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. அத்தை சொன்னபடி போனையும் பார்க்கவில்லை.

* * *

உச்சி வெயில். நிலத்தில் யாரும் இல்லை. ஆர்த்தி பேனல்களுக்கு முன்னால் நின்று கேமராவைத் தூக்கிப் பிடித்தாள்.

மேல் வரிசை முழுக்க ஒரே நிறம். சுத்தம். கீழ் வரிசைக்கு இறக்கினாள்.

ஒவ்வொரு பேனலிலும், அடி விளிம்புக்கு ஒரு சாண் மேலே, சரியாக நடுவில், தணல் வைத்த மாதிரி ஒரு சிவப்பு வட்டம். எல்லாம் ஒரே உயரத்தில். ஒரு பெண்ணின் கை எட்டுகிற உயரத்தில்.

கேமராவை இறக்கிவிட்டுக் கண்ணால் பார்த்தாள். அதே இடங்களில் சந்தனம். உள்ளங்கை அகலத்துக்கு மெழுகி, நடுவில் குங்குமம். காலையில் வைத்த புதுப் பொட்டுக்குக் கீழே பழைய வெள்ளிக்கிழமைகள் எல்லாம் மஞ்சள் பொருக்காகப் படிந்திருந்தன. நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். உள்ளே பேனல் பழுப்பேறிக் கருகியிருந்தது.

மெக்கானிக் சொன்ன கோடுகளும் இருந்தன. ஆறு வருஷக் காற்றும் புழுதியும் போட்ட மெல்லிய கோடுகள். அதனால் ஒரு குவளைத் தண்ணீர்கூடக் குறையாது.

ஆயுத பூஜைக்கு அத்தை பேனலுக்குப் பொட்டு வைத்ததை ஆர்த்தி பார்த்திருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு நாள்தானே, மறுநாள் துடைத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வாரம் தவறாமல் வைக்கிறாள் என்பது தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் அவள் திண்டிவனத்தில் யார் வீட்டு மாடியிலாவது அல்லவா நின்றிருப்பாள்!

"ஆர்த்தி..."

ஜெயம் வரப்பில் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தாள்.

"நான் கிட்ட வரலம்மா. தம்பி வரக்கூடாதுன்னு சொல்லிருக்குது. இங்கியே நிக்கிறேன்."

"ஐயோ, வாங்கக்கா."

ஜெயம் இரண்டடிதான் வந்தாள். கையில் ஒரு பழைய லுங்கித் துணி. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போயிருந்தது.

"இதாலதாம்மா தொடைப்பேன். நாரு போட்டதே இல்ல. ஆண்டவர் சாட்சியாச் சொல்றேன். நீயாவது நம்பு."

"நம்புறேன்க்கா. ஒண்ணு கேக்கணும். இந்தப் பொட்ட நீங்க தொடைக்க மாட்டீங்களா?"

ஜெயம் பதறிப்போனாள்.

"அத எப்டிம்மா தொடைப்பேன்? அம்மா வெச்ச பொட்டு. அவங்க வூட்டுக்காரு பொழைச்சு வந்ததுக்கு வெக்கிறாங்க. அத நான் போய் அழிக்கலாமா? வெரல்ல துணியச் சுத்திக்கினு, பொட்டு மேல படாம, அதச் சுத்தி மட்டும் தொடைப்பேன். ஒரு வாட்டிகூட மேல பட்டதில்லம்மா."

ஒருத்தி பக்தியோடு வைத்தாள். இன்னொருத்தி மரியாதையோடு காப்பாற்றினாள். இரண்டு நல்ல மனசுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு பேனல் வெந்துபோனது. யாரைக் குற்றம் சொல்வது, சொல்லுங்கள்?

ஆனால் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் அத்தையின் மனசு உடைந்து போகும். ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன் என்ற அத்தை. சொல்லாவிட்டால் ஜெயத்தின் மேல் விழுந்த பழி அப்படியே நிற்கும், மல்லாட்டையும் காயும். ஆர்த்தி கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

பைக் சத்தம். செல்வகுமார்.

"இன்னா, பாத்தியா? கீறல்தான?"

"இல்லீங்க." ஆர்த்தியின் வாய் முந்திக்கொண்டது. "பேனல்லயே கோளாறு. செய்யும்போதே வந்த டிபெக்டு."

சொல்லி முடித்ததும் அவளுக்கே கூசியது. இந்தப் பொய்யில் யாருக்கும் நஷ்டமில்லை, அத்தையும் தப்பித்தாள், ஜெயமும் தப்பித்தாள் என்று ஒரு கணம் நிம்மதி.

அந்த நிம்மதி செல்வகுமார் வாயைத் திறக்கும் வரைதான்.

"அப்டியா? சரி, கம்பெனிக்காரங்களக் கூப்ட்டுக் கேப்போம். ஆனா ஜெயம் தொடைக்க வேணாம். ஏற்கெனவே பேஜாராக் கெடக்குது, அதுல கீறல் வேற. தண்ணி பழையபடி வந்தா அப்பப் பாத்துக்கலாம்."

அப்போது பார்த்துக்கொள்ள அங்கே மல்லாட்டை இருக்காது. அது ஜெயத்துக்குத் தெரியும். லுங்கித் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

தூக்குவாளியோடு தையல்நாயகி எதிரே வந்துகொண்டிருந்தாள். மகனுக்குக் கேப்பைக் கூழ், மருமகளுக்கு மோர். ஜெயத்தைப் பார்த்ததும் அவள் முகம் வேறு பக்கம் திரும்பியது. ஜெயமும் வரப்பில் ஒதுங்கி வழிவிட்டாள்.

ஆர்த்தியால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஜெயம் அக்கா, நில்லுங்க! அத்த, அந்த வாளிய கீழ வையிங்க. இத வாங்குங்க. நீங்களே பாருங்க."

"எனக்கு இன்னாடி தெரியும் இதுல?"

"பாருங்கத்த."

தையல்நாயகி கேமராவை இரண்டு கையாலும் பயந்து பயந்து பிடித்தாள். கீழ் வரிசைக்கு நேராக ஆர்த்தி திருப்பி விட்டாள்.

"அட, இன்னாது இது? கற்பூரம் ஏத்துன மாதிரி செவப்பு செவப்பா..." அவள் அடுத்த பேனலுக்கு நகர்ந்தாள். அதற்கடுத்ததுக்கும். நடை நின்றது. "ஆர்த்தி, இது நான் வெச்ச எடமாச்சே?"

செல்வகுமார் கேமராவை எட்டிப் பார்த்தான். பொட்டைப் பார்த்தான். மறுபடி கேமராவைப் பார்த்தான்.

"அத்த," ஆர்த்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பேனல்னா சின்னச் சின்னக் கட்டம். ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கினு நிக்குது. ஒரு கட்டத்த மூடிட்டோம்னா அதால கரண்டு குடுக்க முடியாது. மத்தது குடுக்குறதும் அங்க வந்து முட்டிக்கினு சூடாவும். அவ்ளோதான் நடந்திருக்குது. கீறலும் இல்ல, நாரும் இல்ல. நான் இப்ப சொன்ன கம்பெனிக் கோளாறும் இல்ல. உங்க மனசு நோவுமேன்னு பொய் சொல்லிட்டேன்."

தையல்நாயகி வாய்க்கால் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காலையில் சந்தனம் தொட்ட விரலைப் பார்த்தாள்.

"கும்புட்டுக் கும்புட்டே கொளுத்திட்டேனாடி?"

அந்தக் குரல் ஆர்த்தியை அழ வைத்துவிட்டது.

"அம்மா, விடுமா. தெரியாம செஞ்சதுதான. யாருக்குத் தெரியும் இது?" செல்வகுமார் சமாதானம் சொன்னான்.

தையல்நாயகி சடாரென்று நிமிர்ந்தாள்.

"நான் செஞ்சா தெரியாம செஞ்சது. ஜெயம் செய்யாததுக்கு மட்டும் மடைய அடச்சிட்ட. அவள ஒரு வார்த்த கேட்டியாடா நீ? நானுந்தான் கேக்கல. ஆறு வருசமா கூட நிக்கிறவள நாம யாரும் கேக்கல."

"அம்மா..."

"இரு. அன்னிக்கு ராத்திரி உங்கப்பாவ டிவிஎஸ் வண்டியில பின்னாடி உக்கார வெச்சி, தன் இடுப்போட சேத்துத் துண்டால கட்டிக்கினு, முண்டியம்பாக்கம் வரைக்கும் ஓட்டிக்கினு போனது யாரு? சொல்லுடா."

செல்வகுமார் தலையைக் குனிந்தான்.

சின்னக்கண்ணு. ஜெயத்தின் வீட்டுக்காரர். இதை நான் உங்களுக்கு இத்தனை வாரமாகச் சொல்லவில்லை. ஏனென்றால் இந்த வீட்டிலேயே யாரும் இதைச் சொல்வதில்லை. மறந்துபோன மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல குடும்பங்களும் இதைச் செய்யும்.

"டாக்டருக்கு நன்றி சொன்னேன். சூரியனுக்குச் சொன்னேன். வாராவாரம் கண்ணாடிக்குக்கூட சொன்னேன். பக்கத்துலயே இருக்கிறவளுக்கு ஒரு நாளும் சொல்லல." தையல்நாயகி எழுந்து ஜெயத்திடம் போனாள். "என்ன மன்னிச்சிரு ஜெயம்."

"ஐயோ, இன்னாம்மா இது, பெரிய வார்த்தையெல்லாம்..." ஜெயத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

தையல்நாயகி பேனல் பக்கம் போய் முந்தானையால் முதல் பொட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள். பொருக்கு லேசில் வரவில்லை.

"விடுங்கம்மா, நல்ல பொடவ. கறையாயிடும்." ஜெயம் லுங்கித் துணியை உருவி, வாய்க்காலில் நனைத்துக்கொண்டு வந்தாள். கையை நீட்டினாள். பொட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் கை தானாக நின்றது. ஆறு வருஷப் பழக்கம்.

தையல்நாயகி அந்த மணிக்கட்டைப் பிடித்துப் பொட்டின் மேல் வைத்தாள்.

"தொட. நான் சொல்றேன்ல, அழுத்தித் தொட."

இருவரும் சேர்ந்து துடைத்தார்கள். மஞ்சள் தண்ணீர் கண்ணாடியில் வழிந்தது. செல்வகுமார் வாளி வாளியாக வாய்க்கால் தண்ணீரை மொண்டு கொடுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

இரண்டு பேனல்கள் அடியோடு கருகியிருந்தன. ஆர்த்தி சுவிட்சை அணைத்து, அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை ஒயரால் சேர்த்தாள்.

"மத்தது தேறும். போடுங்க."

செல்வகுமார் சுவிட்சைப் போட்டான். மோட்டார் முனகியது. குழாய் முதலில் காற்றைத் துப்பியது. பிறகு தண்ணீர். பாதிக்குழாய். முக்கால். அப்புறம் குழாய் வாய் கொள்ளாமல் வந்து தொட்டியில் விழுந்து, நுரைத்து, நின்றவர்கள் காலையெல்லாம் நனைத்தது.

"ஆண்டவரே" என்றாள் ஜெயம். "ஈஸ்வரா" என்றாள் தையல்நாயகி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

* * *

பிரம்மதேசத்தில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய் ஒரு வாரம் தங்கிவிட்ட தாண்டவராயன் அந்த நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, தோளில் மஞ்சள் பையோடு, நேராக நிலத்துக்கே. ஆர்த்தி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். மண் போட்டு அடைத்த மடையைப் பார்த்தார்.

"யாரு அடச்சது?"

"நாந்தாம்பா."

"மண்வெட்டி எங்க இருக்குதுன்னு தெரியுமில்ல?"

அவ்வளவுதான். செல்வகுமார் போய் மண்வெட்டியை எடுத்தான். தான் போட்ட மண்ணைத் தானே வெட்டி எறிந்தான். வாய்க்காலில் தேங்கி நின்ற தண்ணீர் ஒரு கணம் தயங்கி, பிறகு குப்பையும் சருகுமாகத் தள்ளிக்கொண்டு ஜெயத்தின் நிலத்துக்குள் ஓடியது.

"தண்ணி வருது பாருக்கா" என்றான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இத்தனை வருஷமும் அவன் வாயில் வெறும் ஜெயம்தான். அக்கா என்பது இன்றைக்குத்தான். ஜெயம் கவனித்தாளா என்று தெரியவில்லை, அவள் கண் தண்ணீர் மேலேயே இருந்தது. நான் கவனித்தேன்.

அவள் வரப்பை விட்டு இறங்கி முதல் பாத்தியில் நின்றாள். பாதம் மூழ்கியது. குனிந்து ஒரு கொடியின் இலையை, குழந்தை கன்னத்தைத் தொடுகிற மாதிரி தொட்டுப் பார்த்தாள்.

கிண்ணத்தில் காலைச் சந்தனம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தையல்நாயகி அதைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பிப்போய் நின்றாள்.

"இனிமே நான் எங்கடி பொட்டு வெக்கிறது? வெள்ளிக்கெழம வந்தா என் கை சும்மா இருக்காதே."

"இந்த இரும்புக் காலு இருக்குதேம்மா" என்றாள் ஜெயம் பாத்தியிலிருந்தே. "அது இல்லன்னா கண்ணாடி எங்க நிக்கும்?"

தையல்நாயகிக்கு அது பிடித்துப்போயிற்று. நிழலில் இருந்த இரும்புக் காலில் பதவிசாக ஒரு பொட்டு வைத்தாள். பிறகு ஜெயத்தைக் கரைக்குக் கூப்பிட்டு, கல்யாண வீட்டு வாசலில் வந்தவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி, மிச்சச் சந்தனத்தை அவள் கைகளில் பூசிவிட்டாள். வேலை செய்து காய்த்த கை. ஜெயம் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம சின்னக்கண்ணு வருவாருல்ல?"

"வருவாரும்மா. காலைல சர்ச்சுக்குப் போவோம்."

"போயிட்டு நேரா நம்ம வூட்டுக்கு வாங்க. ரெண்டு பேரும் உக்காந்து சாப்புடணும். நாட்டுக்கோழி அடிக்கிறேன். வரலன்னு வெச்சிக்க, நானே சர்ச்சு வாசல்ல வந்து நிப்பேன்."

ஜெயம் சிரித்தாள். அழுதபடியே சிரித்தாள்.

ஆர்த்தி தொட்டி ஓரத்தில் சாய்ந்து நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனசு நிறைந்திருந்தது. உண்மையைச் சொன்னால் எதுவும் உடைந்துவிடாது போலிருக்கிறது என்று தோன்றியது. தாண்டவராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

அப்போதுதான் குழாய் இருமியது.

கொர்ரென்று ஒரு தடவை. தண்ணீர் அறுந்து, காற்று வந்து, மறுபடி தண்ணீர். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் பழையபடி. தூரத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது.

ஆர்த்தி நிமிர்ந்து நின்றாள். அது பேனல் சத்தம் இல்லை, மோட்டார் சத்தமும் இல்லை. போர் அடியில் தண்ணீர் இறங்கிப்போய், மோட்டார் காற்றை இழுக்கிற சத்தம். மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குழாயையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் கேட்டுச்சா மாமா?"

"ஒரு மாசமா கேட்டுக்கினுதாம்மா இருக்கேன்."

"ஏன் சொல்லல?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பல்லாம் கரண்டு ராத்திரில கொஞ்ச நேரம். எடுத்தாலும் கொஞ்சந்தான் எடுக்க முடியும். இப்ப சூரியன் வந்தா சாயங்காலம் வரைக்கும் எடுத்துக்கினே இருக்கோம். நாம மட்டுமா? சுத்திப் பாரு, எத்தினி பேனலு. வெயிலுக்குக் காசில்லன்னு யாரும் நிறுத்துறதில்ல. இந்தப் பேனலு எனக்கு உசிரக் குடுத்துச்சி, அத நான் கொற சொல்ல மாட்டேன். அளவா எடுக்கணும்னு நமக்குத்தான் தெரியல."

"அதத்தான் எல்லாருக்கும் சொல்லணும் மாமா. இப்பவே சொல்லிடலாம்."

தாண்டவராயன் நிலத்தைக் கைகாட்டினார். ஜெயத்தின் பாதி நிலம் நனைந்திருந்தது. அங்கே செல்வகுமார் மண்வெட்டியோடு அவளுக்குப் பாத்தி மாற்றிவிட்டுக்கொண்டிருந்தான்.

"தண்ணி பத்தாதுன்னு சொன்னா, மொதல்ல யாரு மடைய அடைப்பாங்க? சொல்லும்மா."

மத்தியானம் ஆர்த்தி ஒரு பொய் சொன்னாள், அதைச் சொன்ன கையோடு கழுவிவிட்டாள். இது துணியால் துடைக்கிற விஷயமாக இல்லையே.

குழாய் இன்னொரு தடவை இருமியது. கொஞ்சம் பலமாக.

கரையில் கை கழுவிக்கொண்டிருந்த தையல்நாயகி தலையைத் தூக்கினாள்.

"இன்னா சத்தம் அது, ஆர்த்தி?"